'ஒரு பார்வை' போதும்! இலக்கியக் கட்டுரைக்குத் தலைப்பு எடுப்பது எப்படி?



இலக்கிய மன்றக் கட்டுரைப் போட்டி அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு தமிழ் நூல் அல்லது பாடல் பற்றிய ஆய்வுக் கட்டுரை, ஆறு பக்கத்துக்கு மிகாமல், தலைப்பு மாணவர் விருப்பம் என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். தலைப்பு நம்ம இஷ்டமாச்சே! ஆனால் இரண்டு நாள் கழித்து நூலகத்தில் போய்ப் பார்த்தால் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: "டேய், நீ என்ன தலைப்புடா எடுத்திருக்கே?"

கொடுத்த தலைப்பில் எழுதுவது சுலபம்தான். நாமே தலைப்பு எடுப்பதுதான் கஷ்டம். போன வருடம் நான் எழுதியது 'பாரதியார் – ஒரு பார்வை'. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தார், 1921-இல் மறைந்தார், நடுவில் தேசபக்தி, பெண் விடுதலை, தமிழ்ப்பற்று என்று ஆறு பக்கமும் நிறைந்துவிட்டது. பரிசு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் ஐயா தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: 'பார்வை எங்கே?'

இந்த வருடம் எழுதுவதற்கு முன்பே தலைப்பைக் காட்டிவிடலாம் என்று ஐயாவிடம் போனேன். மூன்று தலைப்பு திரும்பி வந்தது. நான்காவதுதான் தேறியது. என்ன தப்பு செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கு அந்த மூன்று நடை மிச்சமாகுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரை என்பது கதைச் சுருக்கம் இல்லை, ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு இல்லை, பாராட்டுப் பத்திரமும் இல்லை. பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வு. நம்ம ஊரில் இதை விளக்கவே வேண்டாம். தோல் மண்டியில் ஒரு கட்டைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு 'அருமையான தோல்' என்று யாராவது விலை பேசுவார்களா? ஒவ்வொரு தோலாக விரித்து, எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த புள்ளி, எங்கே உரிக்கும்போது கத்தி பட்ட ஓட்டை என்று தடவிப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். நாம் மட்டும் நூலைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு 'அருமை' என்று எழுதிவிடுகிறோம்.

இப்போது என் முதல் தலைப்பு: 'சங்க இலக்கியத்தில் இயற்கை'. ஐயா சிரித்துவிட்டார். "பத்துப்பாட்டு, எட்டுத்தொகை மொத்தமும் படிச்சிட்டியாப்பா?" என்று கேட்டார். நான் படித்தது பாடப் புத்தகத்தில் உள்ள நாலு பாட்டு. தலைப்பு பெரிசாக இருந்தால் கட்டுரையும் பெரிய கட்டுரை ஆகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தலைப்பு பெரிசாக ஆக, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு ஓடத்தான் முடியும். எதிலும் நிற்க முடியாது.

எங்கள் வகுப்பில் ஒருவன் 'திருக்குறளில் அறம்' என்று எடுத்திருந்தான். அறத்துப்பாலில் மட்டும் 38 அதிகாரம் இருக்கிறது. ஆறு பக்கத்தில் அதிகாரத்துக்கு ஐந்து வரி கூடத் தேறாது! கடைசியில் அவன் அதைச் சுருக்கி, ஒப்புரவறிதல் என்ற 22-ஆம் அதிகாரத்துக்கு வந்தான். அதிலும் 215, 216, 217 மூன்று குறள் மட்டும். ஊருக்குத் தண்ணீர் தரும் ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம், மருந்தாகப் பயன்படும் மரம். உதவி செய்கிறவனுடைய செல்வத்துக்கு வள்ளுவர் சொன்ன உவமை மூன்றுமே, போய்க் கெஞ்சிக் கேட்கத் தேவையில்லாத பொருள்கள். கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தார்? தண்ணீர், பழம், மருந்து என்ற வரிசைக்குக் காரணம் இருக்கிறதா? மூன்றே குறள், ஆனால் ஆறு பக்கத்துக்கு விஷயம் இருக்கிறது. அவன் பரிசு வாங்கினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொரு தோழி 'சிலப்பதிகாரத்தில் பெண்கள்' என்பதில் இருந்து மாதரிக்கு வந்துவிட்டாள். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைப்பது இடையர் குலத்து மாதரியிடம்தான். சில காதைகளில்தான் வருகிறாள். அப்புறம் மாதரி தீயில் விழுந்து இறந்தாள் என்றும், கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார் என்றும் நீர்ப்படைக் காதையில் பிறர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அடைக்கலம் கொடுத்தவளும் போனாள், ஒப்படைத்தவரும் போனார். குற்றம் செய்யாத இவர்களைக் காப்பியம் ஏன் உயிரோடு விடவில்லை? 'பெண்கள்' என்ற தலைப்பில் இப்படி ஒரு கேள்வி எழவே எழாது.

என் இரண்டாவது தலைப்பு சின்னதுதான். அதில் வேறு தப்பு. 'அகல் விளக்கில் பாலாறு' என்று எடுத்தேன். மு.வ. நம்ம பக்கத்துக்காரர். 1912-இல் திருப்பத்தூரில் பிறந்தவர். வாலாசா பக்கம் உள்ள வேலம் அவருடைய குடும்பத்து ஊர். 'அகல் விளக்கு' நாவலுக்கு 1961-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதில் வாலாசாவும் பாலாறும் வருகின்றன. நல்ல தலைப்புதானே? எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கம் மு.வ. இரண்டாம் பக்கத்தில் இருந்து தோல் கழிவு. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை, அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது என்று எழுதிக்கொண்டே போனேன். எழுத எழுதக் கோபமாக வந்தது. நம்ம கிணத்துத் தண்ணி விஷயம், கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஐயா பொறுமையாக முழுவதும் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. சுற்றுச்சூழல் மன்றத்துக்குக் குடு. இதுல மு.வ. எங்கப்பா?" என்றார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய நாவலில் பாலாறு தண்ணீரோடு ஓடும், அதை இன்றைய ஆற்றோடு ஒப்பிட்டுக் காட்டலாம் என்று நானே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். திரும்பப் போய் நாவலைப் பார்த்தால், மு.வ. காட்டுவது தண்ணீர் நிறைந்த ஆறு இல்லை, வெண்மணல் பரந்து கிடக்கும் ஆறு! நூலைத் திறப்பதற்கு முன்பே பதிலை எழுதி வைத்துக்கொண்டு தலைப்பு எடுத்தால் இப்படித்தான் ஆகும். நமக்கு வேண்டிய வரியை மட்டும் பொறுக்குவோம், மற்றதைக் கண்டும் காணாமல் விடுவோம்.

அந்த நாவலில் எடுக்க நல்ல கேள்வி இல்லாமல் இல்லை. கதையைச் சொல்பவன் வேலய்யன். அழகும் அறிவும் நிறைந்த நண்பன் சந்திரன் எப்படிக் கெட்டுப் போனான் என்பதை முழுக்க வேலய்யன் வாயால்தான் கேட்கிறோம். ஒழுங்காக வாழ்ந்து நல்ல பேர் எடுத்தவன், வழி தவறிய நண்பனைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பலாமா? அவனை அறியாமல் தன்னை உயர்த்திக்கொள்கிறானா? இதற்கு 'ஆமாம்' என்றும் எழுதலாம், 'இல்லை' என்றும் எழுதலாம். இரண்டுக்கும் நாவலுக்குள்ளேயே ஆதாரம் தேட வேண்டும். யாராவது எடுக்கிறதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூன்றாவது தலைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டி. செல்வராஜ் எழுதி 2012-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய 'தோல்' நாவல். திண்டுக்கல் தோல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் போராடியது பற்றியது. 'தோல் நாவலில் தொழிலாளர் துயரம்' என்று தலைப்பு வைத்தேன். "துயரம் இல்லைன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றார் ஐயா. சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் ஆறு பக்கத்துக்கு நான் நிரூபிக்கப் போவது என்ன? மறுத்துப் பேச ஆள் இல்லாத தலைப்பு கட்டுரைக்கு ஆகாது.

இனி நான்காவதுக்கு வருகிறேன். இதை நான் தேடிப் போகவில்லை.

ஒருநாள் வகுப்பில் புறநானூறு பற்றிப் பேச்சு வந்தது. உ.வே.சா. அதை 1894-இல் பதிப்பித்தது, நானூறு பாட்டில் 267, 268 இரண்டும் கிடைக்காமல் போனது எல்லாம் சொல்லிவிட்டு, ஐயா 82-ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதினார். ஆறே வரி. பாடியவர் சாத்தந்தையார். பாடப்பட்டவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் ஒரு வீரனோடு மோதிய போர் எவ்வளவு விரைவாக நடந்தது என்று புலவர் சொல்ல வேண்டும். மின்னல் என்று சொல்லியிருக்கலாம், பாயும் புலி என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளியின் கை. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழை பெய்கிறது. பொழுது சாய்கிறது. அவன் கட்டிலை வாரால் பின்னி முடித்தாக வேண்டும். அந்தக் கையில் வாரைச் செலுத்துகிற ஊசி எப்படி விரையுமோ, அதைக் கொண்டுதான் அரசனின் போரைச் சொல்கிறார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்து ஐயா அந்தத் தொழிலாளியைப் பாட்டு எந்தப் பெயரால் குறிக்கிறது என்று காட்டினார். இழிசினன். இழிந்தவன் என்று பொருள்.

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களில் பல பேர் வீட்டில் தோல் வேலைதான். அப்பா டேனரியில், அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனியில். எங்கள் தாத்தா செருப்புத் தைத்தவர். நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் தாத்தாவிடம் அந்தப் பாட்டைச் சொன்னேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. தாத்தா நிதானமாகக் கேட்டுவிட்டு, "இத எழுதுனது யாருடா?" என்றார். "ஒரு புலவர், தாத்தா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால." "அவரு பக்கத்துல குந்திப் பாத்திருக்காரு" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "வாரு லேசா ஈரமா இருந்தா இழுக்க வசதி, காஞ்சதும் இறுக்கிப் பிடிக்கும். நல்லா நனைஞ்சு போச்சுன்னா வழுக்கும், கைக்கு அடங்காது. இருட்டிப் போச்சுன்னா ஓட்டை தெரியாது, ஊசி கையிலதான் ஏறும். மழையும் இருட்டும் ஒண்ணா வர்றப்ப வேகமாவும் போவணும், தப்பும் பண்ணக் கூடாது. அது சும்மா வேகம் இல்லடா."

அதுவரைக்கும் அந்த உவமை வெறும் வேகத்துக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். மழையும் பொழுதும் அவசரத்தைக் காட்ட வந்தவை, அவ்வளவுதான் என்று. தாத்தா சொன்ன பிறகு அந்த இரண்டும் வேறு மாதிரி தெரிந்தன. அவை தொழிலுக்கே இடைஞ்சல். அவற்றோடு மோதிக்கொண்டே கை விரைகிறது. மற்போரும் அப்படித்தானே? எதிராளி பிடி கொடுக்காமல் வழுக்குவான், ஒரு பிடி தவறினால் தோல்வி.

மறுநாள் ஐயாவிடம் ஓடினேன். தலைப்பு: 'புறநானூறு 82 – தொழிலாளிக்கு உயர்வா, இழிவா?' நாலாவது தடவையும் திரும்பிவிடுமோ என்று பயம். ஐயா சொன்னார்: "விஷயம் அருமை. ஆனா இது பட்டிமன்றத் தலைப்பு. கடைசியில நடுவர் வந்து ரெண்டும்தான்னு தீர்ப்புச் சொல்லிட்டுப் போயிடுவார். பாட்டுல எந்த இடத்துல உன் கேள்வி இருக்குன்னு விரலை வை." அப்புறம் இன்னொன்றும் சொன்னார், இது எல்லாருக்கும் உபயோகப்படும்: "உங்க தாத்தா கேள்வியைக் குடுத்திருக்கார். பதிலைப் பாட்டுதான் குடுக்கணும். தாத்தா சொன்னதையே சான்றுன்னு எழுதிடாதே."

விரலை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் பார்த்தேன். 'ஊசியின்' என்ற சொல்லில் வைத்தேன். ஐந்தாம் வேற்றுமை உருபு 'இன்' என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறோம், அதோடு சரி. இங்கே அது உயிரோடு வருகிறது! 'ஊசியைப் போல விரைந்தது போர்' என்று பொருள் கொண்டால் அரசனின் போரும் தொழிலாளியின் கையும் சமம். 'ஊசியை விட விரைந்தது' என்று கொண்டால் அரசன் ஒரு படி மேலே. அப்போதும் கூட, மேலே என்று காட்டுவதற்கு அளவுகோல் அந்தக் கைதான். ஒரே உருபை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

அடுத்து, இழிசினன் என்ற சொல். இதே சாத்தந்தையார் 287-ஆம் பாட்டிலும் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார். அங்கே பறை அறையும் கோலைப் பிடித்தவரை நேருக்கு நேர் அப்படி விளிக்கிறார். அங்கே அழைக்கும் பெயர், இங்கே படர்க்கையில் ஒரு குறிப்பு. இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லோடு சேர்ந்து கையும் கருவியும் வருகின்றன, ஊசி ஓரிடம், கோல் ஓரிடம். தொழிலைக் கூர்ந்து பார்த்த ஒருவர், பெயரை மட்டும் ஊர் சொன்னபடியே சொல்லிவிட்டாரா? அந்தக் காலத்தில் அந்தச் சொல்லின் கனம் இன்றைக்கு நமக்குத் தெரிகிற அதே கனம்தானா? இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புலவருக்கு வக்கீலாகவும் போகக் கூடாது, இரண்டாயிரம் வருடம் கழித்து நின்று திட்டவும் கூடாது. முதல் 266 பாட்டுக்குப் பழைய உரை இருக்கிறது, 287-க்கு அது இல்லை. அதனால் அதற்கு ஔவை துரைசாமிப் பிள்ளை உரையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் தேறிய தலைப்பு இது: 'புறநானூறு 82-இல் ஊசி உவமை – விரைவைச் சொல்லவா, தொழில் திறத்தைச் சொல்லவா?' பார்க்க அவ்வளவு கம்பீரமாக இல்லை. 'சங்க இலக்கியத்தில் இயற்கை' மாதிரி வாய் நிறையச் சொல்ல முடியாது. ஆனால் இதற்கு ஆறு பக்கம் போதவில்லை என்பதுதான் இப்போது என் பிரச்சினை.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் புறநானூற்றுக்குப் போக வேண்டாம்! உங்களுக்கு வேறு இடம் இருக்கும். பாரதியாரே வேண்டும் என்றால் குயில் பாட்டைப் பாருங்கள். முழுக்கக் கதை சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாம் மாலை மயக்கத்தில் வந்த கற்பனை என்கிறார், வேதாந்தமாகப் பொருள் சொல்ல இடம் உண்டா என்று புலவர்களையும் கேட்கிறார். அவர் கேட்டதற்காக நாம் வேதாந்தம் தேடித்தான் ஆக வேண்டுமா? நீங்கள் படிக்கும்போது எந்த இடத்தில் கோபம் வந்தது, எங்கே புரியாமல் திரும்பிப் படித்தீர்கள், எந்தச் சொல் உறுத்தியது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள் (நூலகப் புத்தகத்தில் இல்லை, நோட்டில்!). நோட்ஸில் அந்த இடத்துக்கு விளக்கம் இல்லை என்றால் இன்னும் நல்லது. அதை 'ஏன்', 'எப்படி' என்று கேள்வியாக மாற்றிப் பாருங்கள். அப்புறம் பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் சொல்லுங்கள். அவன் "ஆமாண்டா, சரிதான்" என்று உடனே தலையாட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். "அதெப்படி?" என்று சண்டைக்கு வந்தால் எழுத ஆரம்பிக்கலாம்.

தலைப்பைப் பெயரோடு எழுதி ஐயாவிடம் கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம் கை தயங்கியது உண்மை. தலைப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். இவன் ஏன் இந்தப் பாட்டை எடுத்தான் என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி தாத்தாவிடம் அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டேன். "அப்பவும் அப்படித்தானா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது கிடக்கட்டும், கட்டிலு பின்னி முடிச்சானா? கொழந்த பொறந்துச்சா?" என்று கேட்டார்.

ஐயாவிடம் கேட்டேன். பாட்டில் அது இல்லை என்றார். உவமை முடிந்ததும் பாட்டு நேராக அரசனிடம் போய்விடுகிறது. அவன் கட்டிலோடு மழையில் அப்படியே நிற்கிறான். என் கட்டுரையின் நான்காம் பக்கம் இப்போது அதைப் பற்றித்தான்.

தலைப்பு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் ஐயா நூலகத்தில் இருப்பார்.

– பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்